முந்திரி என்றுதான் சொன்னேன்

டிராகன் வருகிற நாவலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட அன்னாசி வைன்தான் பொருத்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. நெருப்பைக் கக்கும் மிருகம் என்றதும் நாக்கிலும் சுரீரென்று ஏதாவது வேண்டும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். நிதானமாகப் படித்துப் பார்த்தால், முக்கால்வாசி நாவல்களில் டிராகன் ஒரு கிழட்டுப் பிராணி. குகைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கும். வந்தவனைக் கொல்லும் என்பது வேறு விஷயம். அதற்கு ஜாதிக்காய்த் தோலில் போட்ட வைன்தான் சரி. முதலில் வாசனை, அப்புறம் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாக ஒரு கசப்பு நிற்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் சாயா வரவழைத்துக் கொடுத்ததற்கு நன்றி, ஜிஷா மேடம். குடித்துக்கொண்டே சொல்கிறேன். போன தடவை உங்களிடம் எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். இன்று தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டபோது நீங்கள் மறுக்கவில்லை. தமிழ்ப் படங்கள் பார்த்தே தமிழ் படித்துவிட்டேன் என்று சிரித்தீர்கள். சந்தோஷம். ஸுப்ரியாவின் சாவைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அந்த வார்த்தை அப்படியே இருந்தால், நான் அவளிடம் பொய் சொன்னேன் என்று ஆகிவிடும். அவளை வளர்த்தவள் நான். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அவள் என் தங்கை ஸ்வர்ணலதாவின் பெண். இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தங்கை செத்துப்போய்விட்டாள். தகப்பன் சென்னையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் மசாலா ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்குக்கு மேல் மாடியில்தான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவள் வளர்ந்து, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகும் அந்த வீட்டை விடவில்லை.

வைன் போட எனக்குக் கற்றுக்கொடுத்தது கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரி. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் பெரிய பீங்கான் ஜாடிகளில், பரணி பரணியாகப் போடுவாள். பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்ப் பட்டர் குடும்பத்துப் பெண் வைன் போடுவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். மூட்டு வலிக்கு அரிஷ்டத்தை அவுன்ஸ் கணக்கில் குடிக்கிறவர்கள்தான் அவர்கள். என் வைன் அதைவிட வாசனையாக இருக்கும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைன் போடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வைனையும் ஃபேன்டஸி நாவலையும் ஜோடி சேர்க்கலாம் என்பது ஸுப்ரியாவின் யோசனை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் கூடுவோம், வட்டம் என்று அதற்குப் பெயர். அவள் நாவலைத் தேர்ந்தெடுப்பாள், நான் அதற்கு வைனைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு அத்தியாயத்தை நான் உரக்கப் படிப்பேன், அவர்கள் குடித்துக்கொண்டே கேட்பார்கள். ஏலூர் உரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுதர்ஷன் வருவார். அமோனியாவில் மூக்கு செத்துவிட்டது என்பார். எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்று சொல்கிற ஆள். பக்கத்துத் தெரு கங்கா வாழைப்பூ கட்லெட் சுட்டு எடுத்து வருவாள். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

எனக்கு இதில் திறமை இருந்தது, மேடம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. வரைபடத்தோடு ஆரம்பிக்கிற தடித்தடி நாவல்கள் இருக்கின்றனவே, மலை தாண்டி, காடு தாண்டி நடந்துகொண்டே இருப்பார்கள், அதற்கு நெல்லிக்காய் வைன். முதல் வாய் புளிக்கும், பாதியில் நிறுத்தத் தோன்றும், விடாமல் போனால் இனிக்கும். மாறுவேடத்தில் ராஜா திரிகிற கதைக்கு பீட்ரூட் வைன். பார்க்க ராஜ வைன் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் மண் வாசனை வரும். காட்டு தேவதைகள் வந்தால் சாம்பக்காய் வைன், பன்னீர் ஆப்பிள் என்பார்களே, அது, நிறமே இருக்காது. புத்தகம் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றை வைன் சொல்ல வேண்டும். கணக்கெழுதிய காலத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த மாடியில் நான் பேசினால் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

விஷு அன்று காலையில் கணி பார்த்துவிட்டு, என்னிடம் கைநீட்டக் காசு வாங்கிக்கொண்ட கையோடு ஸுப்ரியா சொன்னாள்.

"பெரியம்மா, ஜிதினுக்கு டப்ளின்ல வேலை ஆயாச்சு. ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டு ஓணத்துக்கு முன்னாடி கிளம்பிடுவோம், கேட்டேளா."

"வட்டம் என்னாகும்?" என்று கேட்டேன். நான் கேட்டது வட்டத்தைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அது ஃபோர்ட் கொச்சியில ஒரு ஹோட்டல்காரா நடத்தறேன்னு சொல்லியிருக்கா. பாரின் வைன் வச்சிப்பா. நீங்க இனி ரெஸ்ட் எடுத்தா மதி."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிடங்கு சாயங்காலம் அடைத்துவிட்டால் அந்தக் கட்டிடத்தில் வேறு ஜீவன் கிடையாது. இனிமேல் சாப்பாட்டுக்கு ஒரு தட்டுதான் எடுத்து வைக்க வேண்டும் என்பதே திரும்பத் திரும்பத் தோன்றியது. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஆலுவாவில் ஜிதின் வீட்டுக்கு அவளுக்குத் தெரியாமல் போனேன். கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்ல பையன். சாயா கொடுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை வருவோம் ஆன்ட்டி என்று சொல்லி, ஸ்டேஷன்வரை வந்து ரயிலேற்றிவிட்டான். நடந்ததைக் கேட்டு ஸுப்ரியா கோபப்படவில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்து, நான் சின்னக் குழந்தை போல நடந்துகொள்கிறேன் என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் போகமாட்டாள். போனாலும் உடனே போகமாட்டாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், அவளுக்கு அண்டிப்பருப்பு ஆகாது. பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடுவோமே, அதுதான். துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி, மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்காக எப்போதும் கைப்பையில் ஒரு ஊசி வைத்திருப்பாள். அப்படி ஒரு தடவை ஆகிவிட்டால், அயல்நாட்டில் தன்னை யார் இப்படிக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்கே தோன்றும். நான் நினைத்தது அவ்வளவுதான். சின்னதாக ஒரு உடம்பு நோவு.

விஷு சமயத்தில் பறங்கிமாங்கா நிறையக் கிடைக்கும். கொட்டை வெளியே தொங்குமே, அந்தப் பழம். அதன் கொட்டைக்குள் இருப்பதுதான் அண்டிப்பருப்பு. பழத்தில் வைன் போடுகிறவர்கள் உண்டு, புதுசு ஒன்றுமில்லை. நான் பழத்தோடு பருப்பையும் சேர்த்தேன். வீட்டில் அந்தப் பருப்பு நுழைந்தே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கிடங்குக்குப் பின்னால் சாமான் அறையில் பரணியை வைத்துத் துணியால் கட்டினேன். வைனை அவசரப்படுத்த முடியாது. இடவப்பாதி மழை பிடித்துப் பெய்து ஓய்கிறவரை அது பாட்டுக்குத் தெளிந்துகொண்டிருந்தது. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு தோசை வார்த்துப் போட்டேன். எனக்கு அவள்மேல் கோபம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். கோபமாக இருந்தால் அத்தனை நாள் தாங்குமா? எனக்கு இருந்தது பாசம்.

அந்தப் பழத்துக்கு ஒரு முரட்டு வாசனை உண்டு. அதை கிராம்பும் ஜாதிபத்திரியும் போட்டு அமுக்கினேன். மசாலாக் கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்தது வீண்போகவில்லை.

வட்டத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஓய்ந்திருந்த மழை மறுபடியும் விடாமல் பெய்தது. அவள் தேர்ந்தெடுத்த நாவலில் ஒரு மலைக்கோட்டை. அதைக் காப்பவள் ஒரு கிழவி. பனி உருகியதும் கோட்டையிலிருந்த கடைசி வீரனும் புறப்படுகிறான். கிழவி விளக்கை எடுத்துக்கொண்டு எல்லைவரை கூடவே போய் வழி காட்டுகிறாள். நான் படிக்க வேண்டிய அத்தியாயம் அதுதான். வழி காட்ட அவளுக்கு இஷ்டமில்லை என்று புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை.

எங்கள் வட்டத்துக்கு சில வழக்கங்கள் உண்டு. எல்லாம் ஸுப்ரியா ஏற்படுத்தியவை. போன், பை எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். சாவி என்னிடம் இருக்கும். நான் படிக்கும்போது யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. கிளாஸ் காலியானால் கையைத் தூக்கினால் போதும், நான் படிப்பை நிறுத்தாமல் வந்து ஊற்றுவேன். என்ன வைன் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டோம். அத்தியாயம் முடிந்த பிறகு அவர்களே யூகிக்க வேண்டும். ஸுப்ரியாவுக்கு மட்டும் இதில் விலக்கு. அவள் உடம்பு அப்படி. குடிக்கும் முன்னால் என் காதோரம் வந்து கேட்பாள், நான் காதில் சொல்வேன்.

அன்றும் கேட்டாள். "எந்தா பெரியம்மா இது?"

"முந்திரி" என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து குடித்தாள். நான் படிக்க ஆரம்பித்தேன்.

கிழவி விளக்குக்குத் திரி போடுகிற இடத்தில் அவள் கையைத் தூக்கினாள். நான் படித்துக்கொண்டே போய் அவள் கிளாஸில் ஊற்றினேன். அப்படித்தான் வழக்கம். கிளாஸ் பாதிகூடக் காலியாகவில்லை என்பதை ஊற்றும்போது கவனித்தேன். அவள் என் புடவையைப் பிடித்தாள். மறுபடியும் கையைத் தூக்கினாள். சுதர்ஷன் அவளைப் பார்த்துச் சிரித்தார், வைன் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். அத்தியாயத்தில் இன்னும் ஒரு பக்கம்தான் இருந்தது. நான் அதைப் படித்து முடித்தேன். பாதியில் நிறுத்தியிருந்தால் எல்லோரும் பதறிப்போவார்கள், பதற்றத்தில் யாருக்கும் கை கால் ஓடாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்கிறேன்.

அப்புறம் கங்கா வீறிட்டாள். ஸுப்ரியா நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள். பை, பை என்று அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சுதர்ஷன் சாவி எங்கே என்று கேட்டார். நான் சமையலறையில் தேடினேன். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அது இடுப்பில் இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், எப்போதும் அங்கேதான் இருக்கும். அலமாரியை உடைக்க எங்கிருந்தோ கடப்பாரை கொண்டு வந்தார்கள். அது உடைந்தபோது ஊசிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் என் மடியில் படுத்தாள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் வந்தபோது கிளாஸ்களைக் கழுவி வைத்திருந்தேன். விருந்தாளிகள் போனதும் கழுவிவிடுவது என் பழக்கம், அது உங்கள் கண்ணுக்குத் தப்பாகப் படவில்லை. ஸுப்ரியா என்ன குடித்தாள் என்று கேட்டீர்கள். முந்திரி என்றேன். அந்த முந்திரி வைன் குப்பி ஒன்றைத் தரச் சொன்னீர்கள். நீங்கள் மலையாளத்தில் கேட்டீர்கள், ஆகையால் மலையாளத்தில் எதை முந்திரி என்பார்களோ அதைக் கொடுத்தேன். திராட்சை வைன். பரிசோதனையில் அதில் ஒரு கோளாறும் இல்லை என்று வந்தது. பாவம், பழி கங்காவின் கட்லெட் மேல் விழுந்தது. கலப்பு எண்ணெயோ, அண்டிப்பருப்பு வறுத்த சட்டியோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இப்போது அவள் வெளியே தலை காட்டுவதில்லை. என்னிடம் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தூக்கி உட்காரவைத்து, உன் தப்பு இல்லை என்று சொன்னேன். அதுவும் உண்மைதான், பாருங்கள்.

என்னால் பொறுக்க முடியாதது உங்கள் அறிக்கைதான். ஜிதின் அதை எனக்குப் படித்துக் காட்டினான். இறந்தவள் கேட்டதற்கு, இது திராட்சை வைன் என்று பெரியம்மா பதில் சொன்னார் என்று அதில் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை, மேடம். நான் திராட்சை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. முந்திரி என்றேன். தமிழில் முந்திரி என்றால் அந்தப் பருப்புதான். கோயமுத்தூரிலோ மதுரையிலோ எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் அதைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அவளுக்கு என்ன ஆகாதோ அதன் பெயரை அவளுடைய தாய்மொழியிலேயே காதில் சொன்னேன். வேண்டாம் என்று வைத்துவிட அவளுக்கு அவகாசம் இருந்தது. குடிப்பதும் குடிக்காததும் அவள் கையில் இருந்தது. அவள் மலையாளமாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். தமிழில் தன் பெயரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள்.

அதனால் அந்த வரியை மாற்றிவிடுங்கள். பருப்பு சேர்ந்த வைனைக் கொடுத்தேன், சாவியைத் தேடினேன், பக்கத்தை முடித்தேன், எல்லாவற்றுக்கும் தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ராத்திரி அந்த மாடியில் ஒரு தட்டு எடுத்து வைக்கும்போது எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். இவ்வளவு நேரமும் நான் அதை அண்டிப்பருப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கூர்மையான பெண், மேடம். வாய்ப் பழக்கம். எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். முந்திரி என்றால் பழம், திராட்சை. தமிழ் பேசுகிற வீடுதான், ஆனாலும் அப்படித்தான்.

எப்போதிலிருந்து என்றால், ஸுப்ரியா பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னாலிருந்து. திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்தில் யாரோ அவளுக்கு ஒரு ஸ்பூன் பாயசம் கொடுத்துவிட்டார்கள். முந்திரி இருக்கிறதா என்று குழந்தையே கேட்டிருக்கிறது; உலர்ந்த திராட்சையைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அது போடவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மலையாளிகள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு உயிர் வந்த பிறகு நான் முடிவு செய்தேன், இந்த இரண்டு பாஷைக் குழப்பம் இனிமேல் என் குழந்தையிடம் வரக் கூடாது என்று. தமிழாகட்டும் மலையாளமாகட்டும், எங்கள் வாயில் முந்திரி என்றால் பழம் மட்டும்தான். அந்த விஷத்துக்கு அண்டிப்பருப்பு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் வாய்தவறிச் சொன்னால்கூட விடமாட்டேன். தினமும் படுக்கப் போகும் முன்னால் அவளைக் கேட்பேன். முந்திரின்னா எது? பழம், சாப்பிடலாம். அண்டிப்பருப்புன்னா எது? தொடக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வாள்.

பெரியவளான பிறகு அதையெல்லாம் மறந்திருக்கலாம் இல்லையா என்று கேட்கிறீர்கள். எனக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறீர்கள், புரிகிறது. இல்லை, மேடம். அவள் மறக்கமாட்டாள். அது தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.